மோல்டு போடப் போறீங்களா? வீட்டு ஸ்லாப் டிசைன் பத்தி அடிக்கடி வர்ற கேள்விகள்

நான் ஸ்ட்ரக்சுரல் டிசைன் பண்றவன், பாதி நாள் கம்ப்யூட்டர் முன்னாடி, மீதி நாள் சைட்ல சென்ட்ரிங் மேல. தமிழ்நாட்டுல வீடு கட்டுறவங்க போன் பண்ணி கேக்குறதுல பத்துக்கு எட்டு ஒரே கேள்விதான், அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிட்டேன். கணக்கு எல்லாம் ஐஎஸ் 456 (2000), லோடு எல்லாம் ஐஎஸ் 875 பாகம் 2 படி, இந்த இந்திய தர விதிப் புத்தகங்களைத்தான் கீழ "கோடு"ன்னு (code) சொல்றேன். சாதாரண தரைதளம், முதல் மாடி வீட்டை மனசுல வெச்சு சொல்றது இது. உங்க வீட்டுக்கு உங்க இன்ஜினியர் போட்ட டிராயிங்தான் முக்கியம், இதைப் படிச்சுட்டு அவர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க, கேள்வி கேளுங்க, அது போதும்.

ஸ்லாப் கனம் 4 இஞ்சா 5 இஞ்சா 6 இஞ்சா? மேஸ்திரி 4 போதும்ங்கறார்.

ரூம் எவ்வளவு பெருசுன்னு தெரியாம இதுக்கு பதிலே கிடையாது. கனத்தை முடிவு பண்றது பெரும்பாலும் பலம் இல்ல, தொங்கல். ஸ்லாப் உடையறதுக்கு ரொம்ப முன்னாடியே நடுவுல தொங்க ஆரம்பிச்சிடும், டைல்ஸ் விரியும், கதவு நிலை இறுகும். அதனால கோடுல ஸ்பேனை, அதாவது தாங்கற ரெண்டு எடத்துக்கு நடுவுல உள்ள தூரத்தை, ஆழத்தால வகுத்தா இவ்வளவுக்கு மேல போகக்கூடாதுன்னு ஒரு விகிதம் குடுத்திருக்காங்க, ரெண்டு பக்கம் சும்மா உக்காந்திருக்கற ஸ்லாப்னா 20, தொடர்ச்சியா அடுத்த ரூமுக்கும் ஓடுதுன்னா 26, ஒரு பக்கம் மட்டும் பிடிச்சு வெளிய நீட்டிட்டு நிக்குதுன்னா வெறும் 7. நாலு பக்கமும் தாங்கற சின்ன ரூம் ஸ்லாப்புக்கு, சின்ன பக்கம் 3.5 மீட்டருக்குள்ள இருந்தா, எஃப்இ 415 (கம்பியோட பலத்தைச் சொல்ற கிரேடு) கம்பிக்கு 28, தொடர்ச்சின்னா 32. இப்ப எல்லாரும் 500 கிரேடு வாங்குறாங்க, அதுக்கு இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கணும்.

10 அடி ரூம்னா 3050 எம்எம், 32ஆல வகுத்தா 95 எம்எம். அப்ப மேஸ்திரி சொன்ன 4 இஞ்ச் சரிதானேன்னு தோணும், காகிதத்துல சரிதான். ஆனா அந்த 4 இஞ்சுக்குள்ள கீழ ரெண்டு வரிசை கம்பி, மேல ரெண்டு வரிசை கம்பி, ரெண்டு பக்கமும் கவர் (கம்பியை மூடி நிக்கற கான்கிரீட்), நடுவுல எலக்ட்ரீஷியன் போடுற பைப், அதுவும் ரெண்டு பைப் ஒண்ணு மேல ஒண்ணு குறுக்க போகும். ஜல்லி போக எடம் எங்க? இன்னொரு விஷயம், ஸ்லாப்போட விறைப்பு கனத்தோட மும்மடியில ஏறும், 4ல இருந்து 5 இஞ்சுக்குப் போனா எடை கால்வாசிதான் கூடுது, விறைப்பு கிட்டத்தட்ட டபுள். அதனால வீட்டுக்கு நான் 5 இஞ்சுக்கு, அதாவது 125 எம்எம்முக்கு கீழ போறதில்ல. 16 அடிக்கு 20 அடி ஹால் மாதிரி வந்தா 6 இஞ்ச் வெச்சு தொங்கல் கணக்கு தனியா பாக்கணும், சில நேரம் நடுவுல ஒரு பீம் விடறதுதான் மலிவு. ஹால்ல பீம் தெரியக்கூடாதுன்னு வீட்டுக்காரம்மா சொல்வாங்க, அங்கதான் பஞ்சாயத்து ஆரம்பிக்கும்.

ஒன் வே ஸ்லாப், டூ வே ஸ்லாப்னு சொல்றாங்களே, அது என்ன?

நீள பக்கம் சின்ன பக்கத்தைப் போல ரெண்டு மடங்குக்கு மேல இருந்தா ஒன் வே, இல்லன்னா டூ வே, அவ்வளவுதான். ஏன்னு புரியணும்னா இப்படி நினைச்சுப் பாருங்க, ரூமுக்கு நடுவுல ரெண்டு பட்டை ஒண்ணுக்கொண்ணு குறுக்க போகுது, ஒண்ணு சின்ன பக்கமா ஒண்ணு நீள பக்கமா, ரெண்டும் சந்திக்கிற எடத்துல ஒரே அளவுதான் இறங்க முடியும். சின்ன பட்டை விறைப்பா இருக்கறதால அதே அளவு இறங்கறதுக்கு நிறைய பாரம் வாங்கிக்கும். கணக்கு நாலாம் அடுக்குல போகும், ரெண்டு மடங்கு நீளம்னா 2ஓட நாலாம் அடுக்கு 16, அதாவது 17 பங்குல 16 பங்கு பாரம் சின்ன பக்கமாவே போயிடும். அதான் நீள பக்கத்தை கணக்குல இருந்தே விட்டுட்டு ஒன் வேங்கறோம்.

இதுல இருந்து சைட்டுக்கு ஒரே ஒரு விஷயம் எடுத்துக்கோங்க, கீழ்வரிசையில முதல்ல விழ வேண்டியது சின்ன பக்க கம்பி, அது மேலதான் நீள பக்க கம்பி. மாத்திக் கட்டியிருக்கறதை நான் எத்தனையோ தடவை பாத்திருக்கேன். கேட்டா "எல்லாம் ஒண்ணுதான் சார்"ம்பாங்க. ஒண்ணு இல்ல, 8 எம்எம் ஆழம் அங்க போச்சு.

8 எம்எம் கம்பி 6 இஞ்சுக்கு ஒண்ணு போதுமா, இல்ல 10 எம்எம் போடச் சொல்லவா?

இது இல்லாம ஒரு நாள் விடியாது எனக்கு. வாங்க ஒரு நிஜ ரூமை எடுத்து போட்டுடலாம். 10க்கு 14 அடி பெட்ரூம், வீட்டோட மூலையில இருக்கு, ரெண்டு பக்கம் வெளிச்சுவர், ரெண்டு பக்கம் அடுத்த ரூம் ஸ்லாப்போட தொடருது, மேல மாடி வரும். 5 இஞ்ச் ஸ்லாப்போட சொந்த எடை சதுர மீட்டருக்கு 312 கிலோ, டைல்ஸ் அடியில போடுற கலவையோட சேத்து 100, ஆளுங்க கட்டில் பீரோவுக்கு கோடு சொல்றது 200, மொத்தம் 612. பாதுகாப்புக்கு ஒண்ணரை மடங்கு, 918 கிலோன்னு வெச்சுக்கலாம். சொந்த எடைதான் பாதிங்கறதை கவனிங்க, கான்கிரீட் ஸ்லாப்போட முதல் வேலையே தன்னைத் தானே தூக்கிக்கறதுதான்.

கோடுல இருக்கற டூ வே டேபிள்ல 1.4 விகிதத்துக்கு, இந்த மாதிரி மூலை ரூமுக்கு, ஸ்லாப் எவ்வளவு வளைய பாக்குதுன்னு கணக்கு போட குடுத்திருக்கற எண், சின்ன பக்கமா ரூம் நடுவுல 0.053, பீம் மேல 0.071. இதைப் போட்டு கணக்கு முடிச்சா ஒரு மீட்டர் அகலத்துக்கு நடுவுல தேவைப்படற கம்பி சுமார் 116 சதுர எம்எம், பீம் மேல 155. கோடுல குறைஞ்சபட்சம் கம்பின்னு ஒண்ணு இருக்கு, ஸ்லாப் வெட்டுமுகத்துல 0.12 சதவீதம், இங்க அது 150. அதாவது ரூம் நடுவுல கணக்கு கேக்கறதை விட சும்மா சட்டத்துக்கு போடுற கம்பியே அதிகம்!

8 எம்எம் கம்பி ஒண்ணு 50 சதுர எம்எம். ஒரு அடிக்கு ஒண்ணு, 300 எம்எம்ல போட்டாலே 168 வந்துடும், எல்லாம் பாஸ். நாம போடுறது 6 இஞ்சுக்கு ஒண்ணு, அதுல 335 வருது. தேவையைப் போல ரெண்டு மடங்குக்கு மேல. அதனால இந்த சைஸ் ரூமுக்கு 10 எம்எம் கேக்கறவங்களுக்கு என் பதில், அந்தக் காசுக்கு கவர் பிளாக்கும் சேரும் (ரெண்டும் கம்பியை அதோட எடத்துல நிறுத்தறது, கீழ சொல்றேன்) வாங்குங்க. பெரிய ஹால், கார் நிக்கற எடம், பால்கனி எல்லாம் வேற கதை, அங்க கணக்கு கேக்கறதைப் போட்டே ஆகணும்.

கடையில 8 எம்எம்னு குடுக்கறது 8தானான்னு எப்படி பாக்கறது?

எடை போட்டுப் பாருங்க. விட்டம் × விட்டம் ÷ 162, ஒரு மீட்டருக்கு கிலோ கணக்கு கெடச்சிடும். 8 எம்எம்முக்கு 0.395 கிலோ, 12 மீட்டர் கம்பி ஒண்ணு 4.74 கிலோ இருக்கணும். ஒரு கட்டுல சராசரியா 7 சதவீதம் வரை கூடக் குறைய இருக்கலாம்னு ஐஎஸ் 1786 விடுது, அதுக்கு கீழ போனா கேள்வி கேளுங்க. எண்ணிக்கை கணக்குல கம்பி விக்கற எடத்துல இதைக் கட்டாயம் பாக்கணும்.

கம்பி ரெண்டு மடங்கு போடுறோம்னா அப்புறம் ஏன் ஸ்லாப் விரிசல் விடுது, தொங்குது?

கம்பி எவ்வளவுன்னு எல்லாரும் கேக்கறாங்க, எங்க இருக்குன்னு யாரும் கேக்கறதில்ல. கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுத்தா விரிஞ்சிடும், அதனால எந்தப் பக்கம் இழுபடுதோ அந்தப் பக்கம் கம்பி இருக்கணும். ரூம் நடுவுல ஸ்லாப் கீழ்ப்பக்கம் இழுபடும். பீம் மேல, சுவர் மேல, ஸ்லாப் இந்த ரூம்ல இருந்து அந்த ரூமுக்கு தாண்டுற எடத்துல மேல்பக்கம் இழுபடும். அங்கதான் டாப் எக்ஸ்ட்ரா கம்பி போடுறோம், இல்ல கிராங்க் பண்ணி மேல தூக்கி விடறோம்.

இப்ப கான்கிரீட் போடுற நாளை நினைச்சுப் பாருங்க. காலைல ஆறு மணிக்கு மிக்சர் மெஷின் வந்துடும், லிஃப்ட் கட்டிடுவாங்க, இருபது இருபத்தஞ்சு பேர், சித்தாளுங்க சட்டியை தலையில வெச்சு கம்பி மேலயே நடந்து போவாங்க, வேற எங்க நடப்பாங்க, நடக்க பலகை போட்டு வெக்கற வேலை நம்மளுது, நாமதான் வெக்கல. மதியானம் கறிச்சோறு வரணும்னு எல்லாருக்கும் அவசரம். அந்த மேல் கம்பி ஒவ்வொரு மிதியிலும் கொஞ்சம் கொஞ்சமா கீழ போகும். என்கிட்ட ஒரு துண்டு கட்டுக்கம்பி எப்பவும் இருக்கும், ஒரு முனையில இருந்து 20 எம்எம்ல ஒரு முடிச்சு, 50ல ஒரு முடிச்சு, கான்கிரீட் ஈரமா இருக்கும்போதே பீம் ஓரமா குத்திப் பாப்பேன். 20ல தட்டணும். ஒரு சைட்ல 50 முடிச்சும் உள்ள போயிடுச்சு, அதுக்கும் கீழ போய்தான் "டக்"னு தட்டுச்சு. மேஸ்திரி முகத்தைப் பாத்தேன், அவர் வானத்தைப் பாத்தார்.

அதுக்கு விலை என்னன்னு பாருங்க. மேல்கம்பியோட பயனுள்ள ஆழம், அதாவது ஸ்லாப் அடியில இருந்து அந்தக் கம்பியோட நடு வரைக்கும், 101 எம்எம்னு வெச்சு டிசைன் பண்ணியிருக்கேன், அது 50க்கு இறங்கினா பலம் பாதிக்கும் கீழ போயிடுது. நம்ம மூலை ரூம்ல பீம் மேல தேவையைப் போல ரெண்டு மடங்கு கம்பி இருக்கறதால எப்படியோ ஒட்டி நிக்கும், அந்த உபரிதான் நம்ம ஊர் வீடுகளை காப்பாத்திட்டு இருக்கு. ஆனா மேல் பக்கம் பீம் நெடுக விரிசல் வரும், மொட்டை மாடின்னா அதுல தண்ணி இறங்கும், அப்புறம் வாட்டர்ப்ரூஃபிங்காரங்களுக்கு வருஷா வருஷம் காசு.

செய்ய வேண்டியது ரொம்ப சின்ன வேலை. சேர்னு சொல்ற வளைச்ச கம்பித் துண்டு, கீழ் கம்பி மேல நிக்கும், மேல் கம்பியைத் தாங்கும். 5 இஞ்ச் ஸ்லாப்ல மேலயும் கீழயும் 20 கவர், ரெண்டு ரெண்டு வரிசை 8 எம்எம், எல்லாத்தையும் கழிச்சா மிச்சம் 53 எம்எம், அதாவது சேர் உயரம் ரெண்டு இஞ்ச். மூணு அடிக்கு ஒண்ணு வெச்சு கட்டுங்க. மிஞ்சின துண்டு கம்பியிலயே பண்ணிடலாம், பார்பெண்டருக்கு அரை நாள் வேலை.

கவர் பிளாக் எவ்வளவு? ஜல்லி வெச்சா ஆகாதா?

ஆகாது. ஜல்லி உருண்டு போயிடும், கம்பி சென்ட்ரிங் ஷீட் மேல உக்காந்துக்கும், பிரிச்ச அன்னிக்கே அடியில கம்பி கோடு கோடா தெரியும். வீட்டுக்குள்ள சாதாரண சூழல்னா 20 எம்எம் கவர், மழை வெயில் படற எடம்னா 30. கடலோரம், அதாவது உப்புக் காத்து நேரா அடிக்கிற எடம்னா கோடு 45 எம்எம் கேக்குது, கான்கிரீட்டும் எம் 30க்கு போகச் சொல்லுது (எம் பக்கத்துல உள்ள எண் பெருசாக பெருசாக பலம் கூடுதல்). தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னையில கடற்கரையை ஒட்டின பகுதி எல்லாம் இதை அலட்சியம் பண்ணவே கூடாது. உப்பு உள்ள போய் கம்பி துருப்பிடிச்சா துரு அசல் இரும்பை விட பல மடங்கு எடம் கேக்கும், அது ஊதி ஊதி கீழ இருக்கற கான்கிரீட்டை பேத்து தள்ளிடும். பழைய குவார்ட்டர்ஸ்ல படுக்கை மேல கான்கிரீட் பேந்து விழுந்துச்சுன்னு கேள்விப்படறோமே, பெரும்பாலும் இந்தக் கதைதான்.

பால்கனி, சன்ஷேட், போர்டிகோவுக்கு தனியா ஏதாவது பாக்கணுமா?

தனியா இல்ல, முதல்ல இதைத்தான் பாக்கணும். ஒரு பக்கம் மட்டும் பிடிச்சு நீட்டியிருக்கற ஸ்லாப் முழுக்க மேல்பக்கம்தான் இழுபடும், மெயின் கம்பி மேல இருக்கணும், அதே நீளத்துக்காவது, முடிஞ்சா ஒண்ணரை மடங்கு, உள் ஸ்லாப்புக்குள்ள ஓடணும். சாதாரண ரூம் ஸ்லாப்ல ஒரு எடம் பலவீனமா இருந்தா பாரம் வேற பக்கமா போய் சமாளிச்சுக்கும், இங்க போக வேற வழியே இல்ல.

ஆரம்ப காலத்துல நான் பாத்த ஒரு வீடு, ரெண்டரை அடி சன்ஷேட், டிராயிங்ல கம்பி மேலன்னு தெளிவா இருந்துச்சு, நான் அன்னிக்கு சைட்டுக்குப் போகல, அது என் தப்பு. கொத்தனார் ரூம் ஸ்லாப் மாதிரியே நினைச்சு கவர் பிளாக் வெச்சு அழகா கீழ கட்டிட்டார், கட்டுன நேர்த்தியைப் பாத்தா குறையே சொல்ல முடியாது. முட்டு எடுத்த பத்து நிமிஷத்துல சுவர் ஓரமா ஒரு கோடு, அப்புறம் மெதுவா அப்படியே மடங்கி தொங்கிடுச்சு. நல்ல வேளை கீழ யாரும் இல்ல. உடைச்சுப் பாத்தா கம்பி அத்தனையும் புத்தம் புதுசா அடியில இருக்கு. எடை போட்டா ஒரு கிலோ கூட குறைஞ்சிருக்காது, ஒரு கம்பி கூட வேலை செய்யல.

பால்கனியில கைப்பிடிச்சுவரை முனையில கட்டுவோம்ல, அந்த பாரம்தான் மோசமானது, செங்கல் சுவருக்கு பதிலா ரெய்லிங் போட்டா நல்லாவே குறையும். பால்கனிக்கு கோடுல லைவ் லோடு, அதாவது ஆளுங்க சாமான் பாரம், சதுர மீட்டருக்கு 300 கிலோ, உள் ரூமை விட அதிகம், கூட்டமா நின்னு ஊர்வலம் பாக்கற எடம் அது.

மாடியில சுவர் எங்க வேணும்னாலும் எழுப்பலாமா? சின்டெக்ஸ், மாடித்தோட்டம்?

நாலரை இஞ்ச் செங்கல் சுவர் பத்து அடி உயரம், பூச்சோட சேத்தா மீட்டருக்கு ஏறக்குறைய 800 கிலோ. அதை ஸ்லாப் நடுவுல நிறுத்துனா நான் மேல போட்ட கணக்கு எல்லாம் காலி. சுவருக்கு அடியில பீம் வரணும், இல்ல முன்கூட்டியே சொன்னா அந்த எடத்துல கம்பியைக் கூட்டி டிசைன் பண்ணிடலாம், ஏஏசி பிளாக் (காத்துக் குமிழ் உள்ள லேசான கல்) வெச்சா பாரமும் குறையும். சொல்லாம அப்புறம் "ஒரு சின்ன பூஜை ரூம்தானே சார்"னு எழுப்பறதுதான் பிரச்சனை.

தண்ணித் தொட்டி 1000 லிட்டர்னா ஒரு டன், அது சுமார் ஒரு சதுர மீட்டர் எடத்துல உக்காரும். மொட்டை மாடிக்கு கோடு வெச்சிருக்கற லைவ் லோடு 150 கிலோ. வித்தியாசத்தைப் பாருங்க. தொட்டியை காலம் (தூண்) தலைக்கு மேல, இல்ல ரெண்டு பீம் சேர்ற மூலையில, மேடை கட்டி வைங்க. மாடித்தோட்டம் தொட்டியில, பையில ஓரமா இருந்தா பரவால்ல. தரையிலயே ஒரு அடி மண்ணு கொட்டி புல்வெளி போட்டா ஈர மண்ணு மட்டுமே சதுர மீட்டருக்கு 550 கிலோ கிட்ட வரும், அது இன்னொரு 5 இஞ்ச் ஸ்லாப்பை தூக்கி மேல வெச்சதை விடவே அதிகம்.

பாத்ரூம் ஸ்லாப்பை ஏன் இறக்கிப் போடுறாங்க?

பைப் லைன் போறதுக்கு எடம் வேணும்னு. சங்கன் ஸ்லாப்னு பேரு. அந்தக் குழியில என்னத்தைக் கொட்டி நிரப்பறாங்கங்கறதுதான் கேள்வி, செங்கல் துண்டு, இடிச்ச குப்பை எல்லாம் போட்டு ஒரு அடி நிரப்பினா அதுவே பெரிய பாரம், கூடவே தண்ணியை உறிஞ்சி வெச்சுக்கும். இப்பல்லாம் 5, 6 இஞ்ச் மட்டும் இறக்கி, இல்லன்னா இறக்காமலே பைப்பை கீழ தொங்க விட்டு ஃபால்ஸ் சீலிங்ல மறைச்சுடறாங்க, லீக்கானா பாக்கவும் வசதி. எனக்கு அதுதான் புடிக்கும்.

1000 சதுர அடிக்கு எவ்வளவு மெட்டீரியல் ஆகும்? கலவை என்ன?

5 இஞ்ச்னா 417 கன அடி, அதாவது 11.8 கன மீட்டர் கான்கிரீட், பீம் தனி. எம் 20க்கு 1 : 1½ : 3 கலவைன்னா கிட்டத்தட்ட 95 மூட்டை சிமெண்ட், எம்சாண்ட் ஒண்ணேமுக்கால் யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி), முக்கால் இஞ்ச் ஜல்லி மூணரை யூனிட். கீழ் ஜாலிக்கு (கீழ்வரிசை கம்பி வலைக்கு) மட்டும் 8 எம்எம் 6 இஞ்ச்ல ரெண்டு பக்கமும் போட்டா சுமார் 490 கிலோ, டாப் எக்ஸ்ட்ரா, ஓவர்லாப், சேர் எல்லாம் சேந்தா அதுல பாதி வரைக்கும் மேல கூடும். ஓவர்லாப் 8 எம்எம்முக்கு ஒண்ணரை அடி விடுங்க, எல்லா ஜாயிண்ட்டும் ஒரே கோட்டுல வரக்கூடாது.

மூட்டைக்கு தண்ணி 25 லிட்டர், ஈர மணல்னா அதுலயும் குறைக்கணும். கோடு விடற உச்ச அளவே 27½ லிட்டர்தான், அதுவும் சாதாரண சூழலுக்கு. சைட்ல நடக்கறது என்னன்னா சட்டியில இருந்து வழுக்கிட்டு விழணும், கரண்டி போட்டா தானா ஓடணும், அதுக்கு ஒரு குடம் கூட ஊத்து. அந்த ஒரு குடம் பிற்பாடு ஆவியா போய் விட்டுட்டுப் போற ஓட்டைதான் ஒழுகல். இளக்கமா வேணும்னா பிளாஸ்டிசைசர் ஊத்துங்க, தண்ணி வேண்டாம். ரெடிமிக்ஸ் லாரி வந்து நின்னதும் ஓஸ் பைப்பை எடுத்து உள்ள விடறவங்களும் இருக்காங்க, காசு குடுத்து எம் 25 வாங்கி இலவசமா எம் 15 ஆக்குறது அது.

பாதியில மழை வந்துட்டா? ஒரே நாள்ல முடியலன்னா?

தார்ப்பாய் முன்னாடியே வாங்கி வைங்க. நிறுத்தியே ஆகணும்னா பீம் ஓரத்துல நிறுத்தாதீங்க, ஸ்பேனோட நடு மூணுல ஒரு பங்குல, பலகை வெச்சு நேரா செங்குத்தா நிறுத்துங்க, சரிவா விடாதீங்க. மறுநாள் அந்த முகத்தைக் கொத்தி, ஊதி, நனைச்சு, சிமெண்ட் பால் அடிச்சு தொடரணும். எல்லாருக்கும் பீம் மேல நிறுத்தறதுதான் பத்திரம்னு தோணும், ஆனா ஸ்லாப்பை வெட்டுற விசை அங்கதான் அதிகம்.

சென்ட்ரிங் எத்தனை நாள்ல பிரிக்கலாம்? சென்ட்ரிங்காரர் அடுத்த சைட்டுக்கு ஷீட் கேக்கறார்.

கோடு சொல்றது இது, ஸ்பேன் 4.5 மீட்டர் வரை ஸ்லாப் முட்டு 7 நாள், அதுக்கு மேல 14 நாள், பீம் முட்டு 6 மீட்டர் வரை 14, அதுக்கு மேல 21. 3 நாள்ல ஷீட்டை மட்டும் கழட்டலாம், ஆனா கழட்டினதும் உடனே திரும்ப முட்டு குடுக்கணும். இது எல்லாம் ஓபிசி (சாதாரண போர்ட்லண்ட்) சிமெண்ட்டுக்கு. நம்ம ஊர்ல வீட்டுக்கு பெரும்பாலும் பிபிசி (சாம்பல் மாதிரி பொஸலானா கலந்த சிமெண்ட்), அது மெதுவா ஏறும், அதனால சாதாரண ரூமுக்கு நான் 10 நாள் கேப்பேன், பெருசுக்கு 14க்கு குறைய மாட்டேன். ரூம்ல நடுவுல இருந்து ஓரத்துக்கு முட்டு எடுத்துட்டு வாங்க, பால்கனியில முனையில இருந்து சுவர் பக்கமா. மாடி ஸ்லாப் போடும்போது கீழ் தளத்துல முட்டு இருந்தா நல்லது, ஈர கான்கிரீட் பாரம் அத்தனையும் கீழ் ஸ்லாப் தலையிலதான் விழுது.

பாத்தி கட்டி எத்தனை நாள் தண்ணி விடணும்?

ஓபிசிக்கு குறைஞ்சது 7, வெயில் காலம் இல்ல பிபிசின்னா 10, முடிஞ்சா 14. கான்கிரீட் போட்ட மறுநாள் காலையிலயே பாத்தி. கத்திரி வெயில்ல ஒரு வேளை காஞ்சா போச்சு, அந்த வேளை திரும்பி வராது.

போட்ட அன்னிக்கே மேல விரிசல் வந்துச்சு, பயப்படணுமா?

ரெண்டு மூணு மணி நேரத்துல, காத்தும் வெயிலும் அடிக்கும்போது, சின்ன சின்னதா கோணல் மாணலா வந்தா மேல்ஈரம் சீக்கிரம் காஞ்சதால வந்தது. கான்கிரீட் இன்னும் இறுகலன்னா மரக்கட்டையால அழுத்தித் தேச்சா மூடிக்கும், மேல ஈர சாக்கு போடுங்க. கம்பி போற கோட்டுலயே விரிசல் வந்தா கான்கிரீட் சரியா குத்தாம கீழ இறங்கியிருக்குன்னு அர்த்தம், வைப்ரேட்டர் சரியா ஓட்டல.

மாசக் கணக்குல கழிச்சு மாடி ஸ்லாப்புக்கு கீழ சுவர்ல படுக்கை வாட்டமா கோடு வருதா? அது பெரும்பாலும் வெயில். 10 மீட்டர் நீள ஸ்லாப் 30 டிகிரி ஏறி இறங்கினா 3 எம்எம் நீளும், சுவர் கூடவே நீளாது. மேல தட்டோடு, இல்ல வெயிலைத் திருப்பி அடிக்கிற டைல்ஸ் போடுறது அழகுக்கு மட்டும் இல்ல. பயப்பட வேண்டியது ரூம் நடுவுல அடிப்பக்கம் நாளுக்கு நாள் அகலமாகற விரிசல், பால்கனி சுவரோட சேர்ற எடத்துல மேல்பக்க விரிசல், துருக்கறையோட வர்ற விரிசல். இதுல எது வந்தாலும் பூசி மறைக்காம ஆளைக் கூப்பிடுங்க.

பீமே இல்லாம வெறும் காலம் மேல ஸ்லாப் போடலாமா? மால்ல எல்லாம் அப்படித்தானே இருக்கு?

போடலாம், ஃப்ளாட் ஸ்லாப்னு பேரு, 1900கள்ல இருந்தே இருக்கு, அமெரிக்காவுல டர்னர், சுவிட்சர்லாந்துல மயார்ட்னு ரெண்டு இன்ஜினியருங்க ஆரம்பிச்சு வெச்சது. அதோட பயம் தொங்கல் இல்ல, காலம் ஸ்லாப்பை பென்சில் காகிதத்தைக் குத்துற மாதிரி குத்திட்டு மேல வந்துடறது. முன்னறிவிப்பு ரொம்ப குறைவு. 1995 ஜூன் 29ஆம் தேதி சியோல்ல சம்பூங் டிபார்ட்மெண்ட் ஸ்டோர் விழுந்து 502 பேர் போனது இந்த வகை கட்டடம்தான். நாலு மாடிக்குப் போட்டதை கடையா மாத்துனாங்க, எஸ்கலேட்டருக்காக காலமை எடுத்தாங்க, 80 செமீ இருக்க வேண்டிய காலம் 60 செமீ ஆச்சு, மேல அஞ்சாவது மாடி, அதுல ரெஸ்டாரண்ட், மொட்டை மாடியில ராட்சச ஏசி மெஷின், அதை கிரேன் வெக்காம ஸ்லாப் மேலயே உருட்டி எடம் மாத்தினாங்க. அன்னிக்கு காலைலயே அஞ்சாவது மாடியில காலமைச் சுத்தி விரிசல் தெரிஞ்சுது, கடையை மூடல. வீட்டுக்கு ஃப்ளாட் ஸ்லாப் தேவையே இல்ல, 10, 12 அடிக்கு ஒரு சுவர் வருது, பீமை அதுக்குள்ள மறைச்சுடலாம்.

ஓடு வெச்சு போடுற ஃபில்லர் ஸ்லாப் நல்லதா?

நல்லது, கட்டத் தெரிஞ்சவங்க கட்டினா. ஸ்லாப்ல கீழ்ப்பாதி கான்கிரீட் இழுவிசையில இருக்கறதால அது பாதிக்கு மேல சும்மா உக்காந்திருக்கு, அந்த எடத்துல ரெண்டு மங்களூர் ஓட்டை சேத்து வெச்சா கான்கிரீட் மிச்சம், எடையும் குறையும், ஓட்டுக்குள்ள காத்து இருக்கறதால சூடும் கம்மி. கேரளாவுல லாரி பேக்கர்ங்கற கட்டடக் கலைஞர் இதை நிறைய வீட்டுல போட்டுக் காட்டினார். கம்பி ஓட்டுக்கு நடுவுல வர்ற சந்துல போகும், அதனால கம்பி இடைவெளியை ஓட்டோட சைஸ்தான் முடிவு பண்ணும், பீம் பக்கத்துல ஓடு வெக்காம முழு கான்கிரீட் விடணும். நம்ம ஊர் மேஸ்திரிக்கு முதல் தடவைன்னா கூட நீங்க நின்னே ஆகணும்.

பழைய ஸ்லாப் மேல இன்னொரு மாடி எடுக்கலாமான்னு எப்படி தெரியும்?

அது ஸ்லாப் கேள்வியே இல்ல, காலமும் அஸ்திவாரமும் பத்தின கேள்வி. ஆனா ஒண்ணு, மொட்டை மாடின்னு 150 கிலோவுக்குப் போட்டது நாளைக்கு ரூம் தரையாகப் போகுது, 200 கிலோவும் சுவரும் வரும். பழைய டிராயிங் இருந்தா எடுத்து வைங்க. மோல்டு போடுறதுக்கு முன்னாடி கம்பி கட்டின நிலையில டேப் வெச்சு நாலு போட்டோ எடுத்து வெச்சிருந்தா இருபது வருஷம் கழிச்சு உங்க பையன் கூப்பிடற இன்ஜினியர் உங்களைக் கும்பிடுவார்.

ஃபேன் ஹூக் வெக்க மறந்துட்டோம், ஸ்லாப்பை உடைக்கணுமா?

வேண்டாம் வேண்டாம். டிரில் போட்டு ஆங்கர் ஃபாஸ்னர் அடிச்சா போதும். டிரில் பிட் "கிர்ர்"னு நின்னு தீப்பொறி வந்தா அது கம்பி, ரெண்டு இஞ்ச் தள்ளி போடுங்க. நீங்க கவர் பிளாக் ஒழுங்கா வெச்சிருந்தா அது 20 எம்எம்ல தட்டும்.